அச்சத்தை ஆராய்ந்தவர்: ஸ்பினோசாவின் வாழ்வும் சிந்தனையும்

பாரூக் ஸ்பினோசா 1632 நவம்பர் 24 அன்று ஆம்ஸ்டர்டாம் நகரில், போர்ச்சுகலிலிருந்து வந்து குடியேறிய ஒரு யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் பேசியது போர்ச்சுகீசியம், பள்ளியில் படித்தது எபிரேயம், தெருவில் புழங்கியது டச்சு, தத்துவம் எழுதியது லத்தீன். நாற்பத்து நான்கு வயது வரைதான் வாழ்ந்தார். உயிரோடிருந்தபோது தன் பெயரைப் போட்டு வெளியிட்ட நூல் ஒன்றே ஒன்று. அதுவும் பிரெஞ்சுத் தத்துவவாதி டேகார்ட்டின் தத்துவத்துக்கு எழுதிய விளக்கம். ஆனாலும் கடவுள், இயற்கை, அரசு, மனித மனம் ஆகியவற்றைப் பற்றிய ஐரோப்பியச் சிந்தனை அவருக்குப் பிறகு பழைய தடத்துக்குத் திரும்பவேயில்லை.

அந்தக் குடும்பம் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்த பின்னணி அவருடைய சிந்தனையோடு நெருங்கிய தொடர்புடையது. 1497இல் போர்ச்சுகல் அரசு தன் நாட்டு யூதர்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கியது. வெளியே தேவாலய வழிபாடு, வீட்டுக்குள் ரகசியமாக முன்னோர் சடங்கு என்று தலைமுறைகள் கழிந்தன. 1536இல் அங்கே சமய விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. அதன் பிறகு வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றுவதும், பன்றி இறைச்சியைத் தவிர்ப்பதும்கூட ஒருவரைக் காட்டிக்கொடுக்கப் போதுமானவையாயின. தப்ப முடிந்தவர்கள் தப்பினார்கள். ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்துப் போராடி எழுந்த டச்சுக் குடியரசு அவர்களுக்கு இடம் கொடுத்தது. பழவேற்காட்டில் கோட்டை கட்டிச் சோழமண்டலத் துணிகளை வாங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி செழித்திருந்த காலம் அது. துறைமுகத்தில் வந்திறங்கும் வணிகர் எந்தக் கடவுளை வணங்குகிறார் என்பதைவிட, என்ன சரக்கு கொண்டுவந்திருக்கிறார் என்பதே ஆம்ஸ்டர்டாமுக்கு முக்கியமாக இருந்தது. ஸ்பினோசாவின் தந்தை மைக்கேல் உலர்பழங்களும் பிற சரக்குகளும் இறக்குமதி செய்தவர். யூதச் சமூகத்தின் நிர்வாகக் குழுவிலும் பொறுப்பு வகித்தவர்.

ஆனால் அந்தச் சமூகம் நிம்மதியாக இல்லை. பல தலைமுறைகள் கிறிஸ்தவர்களாக வாழ்ந்துவிட்டு, மறுபடியும் யூதராக இருப்பது எப்படி என்று கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி ஓயாமல் அரித்துக்கொண்டிருந்தது. நகர ஆட்சியாளர்களும் அவர்களை ஒரு நிபந்தனையோடுதான் ஏற்றிருந்தார்கள்: தங்கள் மதத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்க வேண்டும், கிறிஸ்தவர்களைப் புண்படுத்தும் பேச்சு கூடாது. அந்த அழுத்தத்துக்குப் பலியானவர் உரியல் ட கோஸ்டா. ஆன்மாவின் அழியாமையை மறுத்ததற்காக அவர் விலக்கி வைக்கப்பட்டார். திரும்பச் சேர்வதற்காகத் தொழுகைக்கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் முப்பத்தொன்பது கசையடி வாங்கினார். 1640இல் தற்கொலை செய்துகொண்டார். அப்போது ஸ்பினோசா ஏழு எட்டு வயதுச் சிறுவன்.

தாய் ஹன்னா 1638இலேயே இறந்துவிட்டார். 1654இல் தந்தையும் போனார். ஸ்பினோசாவும் தம்பி கேப்ரியலும் கடையை ஏற்று நடத்தினார்கள். கடையோடு கடனும் வந்து சேர்ந்தது. 1656 மார்ச்சில் அவர் நகர அதிகாரிகளிடம் போய், தான் இருபத்தைந்து வயது நிரம்பாதவன், பெற்றோரை இழந்தவன் என்று பதிவு செய்து, தந்தையின் கடன்காரர்களிடமிருந்து சட்டப் பாதுகாப்புப் பெற்றார். அதற்குள் அவருடைய மனம் வணிகத்தைவிட்டு விலகியிருந்தது. ஃபிரான்சிஸ்குஸ் ஃபான் டென் எண்டன் என்ற முன்னாள் ஜெசூட் துறவி நடத்திய பள்ளியில் லத்தீன் படித்தார். லத்தீன் என்றால் வெறும் இலக்கணம் அல்ல. அன்றைய அறிவியல், டேகார்ட்டின் புதிய தத்துவம், பழைய ரோமானிய நாடகங்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். அந்த ஆசிரியரே பிற்காலத்தில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்கு எதிரான சதியில் சிக்கி 1674இல் பாரிஸில் தூக்கிலிடப்பட்டார்.

1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் யூதத் தொழுகைக்கூடத்தில் ஸ்பினோசாவுக்கு எதிரான விலக்க ஆணை வாசிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. அந்தச் சமூகத்தில் விலக்க ஆணை அபூர்வமல்ல. வரி கட்டாதவர், தலைவர்களை ஏசியவர் என்று பலர் சில நாட்களோ சில வாரங்களோ விலக்கப்பட்டு மீண்டும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இவருக்கு வந்த ஆணையின் கடுமை வேறு. பகலிலும் இரவிலும், எழும்போதும் படுக்கும்போதும் அவர் சபிக்கப்படட்டும் என்றது அது. அவரோடு யாரும் பேசக்கூடாது, எழுத்துத் தொடர்பு கூடாது, ஒரே கூரையின் கீழ் தங்கக்கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக்கூடாது, அவர் எழுதிய எதையும் படிக்கக்கூடாது. என்ன குற்றம் என்பது மட்டும் அதில் விளக்கமாக இல்லை. கொடிய கருத்துகள், கொடிய செயல்கள் என்ற பொதுச் சொற்களோடு நின்றுவிட்டது. பின்னர் அவர் எழுதியவற்றை வைத்துப் பார்த்தால், யூதர்களின் வேதநூலான தோரா கடவுளே எழுதிக் கொடுத்தது அல்ல, உடலைவிட்டுப் பிரிந்து நிலைத்திருக்கும் ஆன்மா என்று ஒன்று இல்லை என்பன போன்ற எண்ணங்களை அவர் அப்போதே வெளிப்படையாகப் பேசியிருக்க வேண்டும். அந்த ஆணை இன்றுவரை நீக்கப்படவில்லை. அதை நீக்கலாமா என்று ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் நம் காலத்தில் மறுபடியும் ஆராய்ந்தது. 2013இல் அங்கிருந்த யூத மதகுரு (ரபி) நீக்க மறுத்துவிட்டார்.

விலக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மன்னிப்புக் கேட்டுத் திரும்புவார்கள். இல்லையென்றால் கிறிஸ்தவத்துக்கு மாறுவார்கள். ஒரு மதச் சமூகத்துக்குள் இல்லாமல் மனிதன் வாழலாம் என்பதே அந்த நூற்றாண்டில் பலருக்குக் கற்பனைக்கு எட்டாத காரியம். ஸ்பினோசா இரண்டையும் செய்யவில்லை. பாரூக் என்ற எபிரேயப் பெயரை விட்டு, பெனடிக்டஸ் என்ற லத்தீன் பெயரில் எழுதினார், அவ்வளவுதான். அவருடைய வாழ்க்கையில் ஆழமான துணிச்சல் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. நூல் எழுதியது இதற்கு அடுத்தபடிதான்.

லென்ஸும் லத்தீனும்

1661 வாக்கில் அவர் லைடன் நகருக்கு அருகிலுள்ள ரைன்ஸ்பர்க் கிராமத்துக்குக் குடிபோனார். பிழைப்புக்கு லென்ஸ் தேய்த்தார். நுண்ணோக்கியும் தொலைநோக்கியும் புதுமையாக இருந்த காலம். கண்ணாடித் துண்டை அச்சில் வைத்து, மணல் தூள் போட்டு மணிக்கணக்கில் தேய்த்து, பிறகு மெருகேற்ற வேண்டும். கை அசையாத பொறுமையும் ஒளியியல் கணக்கும் இரண்டும் தேவைப்படும் தொழில் அது. சனிக் கோளின் வளையத்தை விளக்கிய கிறிஸ்டியான் ஹைகன்ஸ் அவருடைய லென்ஸ்களின் நேர்த்தியைப் பாராட்டியிருக்கிறார். லண்டன் ராயல் சொசைட்டியின் செயலராகப் பின்னர் ஆன ஹென்றி ஓல்டன்பர்க் ரைன்ஸ்பர்க்கிலேயே அவரைத் தேடி வந்து பார்த்தார். இருவரும் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1663இல் ஃபோர்பர்க்குக்கும், அந்தப் பத்தாண்டின் முடிவில் ஹேக் நகருக்கும் இடம் மாறினார். எங்கும் வாடகை அறைதான்.

நண்பர்கள் அவருக்குப் பணம் தர முன்வந்தார்கள். சைமன் டெ ஃபிரீஸ் என்ற இளம் வணிகர் தன் சொத்தையே எழுதிவைக்க நினைத்தபோது, அது அவருடைய சகோதரருக்குப் போக வேண்டியது என்று ஸ்பினோசா மறுத்தார். அந்த நண்பர் இறந்த பிறகு ஆண்டுக்கு 500 கில்டர் உதவித்தொகை தர ஏற்பாடானது. 300 போதும் என்று குறைத்து வாங்கிக்கொண்டார். இவற்றையெல்லாம் பதிவு செய்தவர் யோஹானஸ் கொலேரஸ் என்ற லூதரன் போதகர். ஸ்பினோசாவின் கருத்துகளை அவர் அருவருத்தார். ஆனால் வீட்டுக்காரர்களைக் கேட்டறிந்து எழுதிய வரலாற்றில், பால் கஞ்சியும் சிறிது வெண்ணெயும் கொண்டு நாளை ஓட்டிய, குரலை உயர்த்திப் பேசாத, களைத்தால் கீழே வந்து குடும்பத்தாரோடு புகைக்குழாய் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்த ஒரு மனிதரை நேர்மையாகவே காட்டியிருக்கிறார். வீட்டுக்காரப் பெண்மணி ஒருநாள், தன் மதத்திலிருந்தபடியே தனக்கு மீட்பு கிடைக்குமா என்று கேட்டாராம். உங்கள் மதம் நல்லதுதான், அமைதியாக நல்வாழ்வு வாழ்ந்தால் வேறொன்றைத் தேட வேண்டியதில்லை என்று சொன்னாராம் ஸ்பினோசா. கருத்தில் சமரசம் செய்யாதவர், பிறர் நம்பிக்கையை வீணாகக் கலைக்கவும் விரும்பவில்லை.

கடவுள் அல்லது இயற்கை

அவருடைய முதன்மை நூல் ‘அறவியல்’. ஏறத்தாழ 1675 வரை எழுதித் திருத்திக்கொண்டிருந்தார். ஐந்து பகுதிகள், யூக்ளிடின் வடிவகணிதப் புத்தகத்தைப் போல வரையறைகள், அடிப்படை உண்மைகள், அவற்றிலிருந்து நிறுவப்படும் கூற்றுகள் என்று அடுக்கப்பட்டவை. மொத்தம் 259 கூற்றுகள். முதலில் திறப்பவருக்கு மூச்சுமுட்டும். கூற்றுகளுக்கு நடுவே அவர் எழுதிச் சேர்த்த விளக்கக் குறிப்புகளிலும் பின்னிணைப்புகளிலும்தான் அவருடைய குரலும் சினமும் பரிவும் கேட்கின்றன. புதிதாகப் படிப்பவர்கள் அங்கே தொடங்குவதே நல்லது.

எதைச் சார்ந்தும் இல்லாமல் தானாகவே நிற்பது எது என்பது நூலின் முதல் கேள்வி. மரம் மண்ணைச் சார்ந்தது, மண் பூமியை, பூமி சூரியனை. தானே தனக்குக் காரணமாக நிற்பதை ‘உள்பொருள்’ என்று வைத்துக்கொண்டால், அப்படிப்பட்டது ஒன்றுதான் இருக்க முடியும், அது எல்லையற்றதாகவும் இருக்க வேண்டும் என்று அவர் நிறுவுகிறார். அதற்கு அவர் தரும் பெயர்தான் ‘கடவுள் அல்லது இயற்கை’. நாம் காணும் பொருள்களும் உயிர்களும், நாமும், அந்த ஒன்றின் பல நிலைகள். கடலில் அலைகள் இருப்பதுபோல அதில் இருக்கிறோம். உலகத்துக்கு வெளியே அமர்ந்து அதைப் படைத்த, வேண்டுதலுக்கு இரங்கும், கோபித்துத் தண்டிக்கும் கடவுள் இந்த அமைப்பில் இல்லை. இருப்பதெல்லாம் மாறாத விதிகளின்படி அந்த ஒன்றிலிருந்து விளைகிறது. அதிசயம் என்பது விதியை மீறிய நிகழ்ச்சி அல்ல; அதன் காரணம் நமக்குத் தெரியவில்லை என்பதற்கு நாம் வைத்த பெயர்.

அத்வைதத்தை அறிந்த வாசகருக்கு இது பழகிய ஒலியாகக் கேட்கும். மாக்ஸ் முல்லர் இந்த ஒற்றுமையை 19ஆம் நூற்றாண்டிலேயே வலியுறுத்தினார். ஒற்றுமை உண்மைதான். ஆனால் வேற்றுமையைத் தவறவிடக்கூடாது. சங்கரருக்குப் பன்மை என்பது அறியாமையால் வரும் தோற்றம். ஸ்பினோசாவுக்கு இந்தக் கல்லும் அந்த மரமும் பொய்த்தோற்றம் அல்ல. இயற்கையின் உண்மையான விளைவுகள். தனித்தனிப் பொருள்களை எவ்வளவு நன்றாக அறிகிறோமோ அவ்வளவு நன்றாகக் கடவுளை அறிகிறோம் என்பது அவர் நிலைப்பாடு. உலகைக் கடந்து போவது அல்ல அவர் காட்டும் வழி; உலகுக்குள் மேலும் போவது.

உடலையும் மனத்தையும் பற்றிய பகுதி இதிலிருந்து நேராக வருகிறது. டேகார்ட் அவற்றை இரண்டு தனிப்பொருள்களாகப் பிரித்துவிட்டார். பிரித்த பிறகு, எடையும் இடமும் இல்லாத மனம் கையை எப்படி உயர்த்துகிறது என்ற சிக்கல் வந்தது. மூளையின் நடுவிலுள்ள கூம்புச் சுரப்பியில் இரண்டும் சந்திப்பதாகச் சொல்லிச் சமாளித்தார். ஸ்பினோசா பிரிவினையையே ஏற்கவில்லை. மனமும் உடலும் இரு வகையில் அறியப்படும் ஒரே பொருள். ஒருபுறம் இடத்தை நிரப்பும் உடல், மறுபுறம் அதே உடலைப் பற்றிய எண்ணம். ஒன்று மற்றொன்றை இயக்குவதில்லை, ஏனென்றால் இரண்டு இல்லை. உடல் தன் இயல்பால் மட்டும் என்னென்ன செய்யும் என்பதை இதுவரை யாரும் கண்டறியவில்லை என்று அவர் எழுதி, விழித்திருக்கும்போது துணியாத காரியங்களைத் தூக்கத்தில் நடப்பவர்கள் செய்வதை எடுத்துக்காட்டினார்.

நூலின் முதல் பகுதியின் பின்னிணைப்பு, ஐரோப்பியத் தத்துவத்தில் எழுதப்பட்ட மிகக் கூர்மையான சில பக்கங்களுள் ஒன்று. மனிதர்கள் எதையும் ஒரு நோக்கத்துக்காகச் செய்பவர்கள். ஆகவே இயற்கையும் நோக்கத்தோடு இயங்குவதாக நினைக்கிறார்கள். கண் பார்ப்பதற்காக, பயிர் உண்பதற்காக, சூரியன் வெளிச்சத்துக்காக, எல்லாம் மனிதனுக்காக. அப்படியானால் புயலும் நோயும் எதற்காக? தெய்வக் குற்றம் என்கிறார்கள். நல்லவருக்கும் கெட்டவருக்கும் ஒரேபோல நோய் வருவதைக் கண்ணால் பார்த்தும் அந்த எண்ணத்தை விடுவதில்லை. கூரையிலிருந்து ஒரு கல் விழுந்து ஒருவர் இறந்தால், காற்றடித்தது, அவர் அந்த வழியாகப் போனார் என்று காரணம் சொல்லலாம். காற்று ஏன் அப்போது அடித்தது, அவர் ஏன் அப்போது போனார் என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் கடவுளின் சித்தம் என்று முடிப்பார்கள். அறியாமைக்கு அது அடைக்கலம் என்பது ஸ்பினோசாவின் கணிப்பு. காரணங்களைத் தேடுபவரை நாத்திகர் என்று ஏசுபவர்கள், அறியாமை போனால் தங்கள் அதிகாரமும் போகும் என்பதை அறிந்தவர்கள் என்றும் அங்கே எழுதினார்.

எல்லாம் காரணத்தின்படிதான் நடக்கிறது என்றால் மனிதனுக்குச் சுதந்திரம் எங்கே? 1674இல் எழுதிய ஒரு கடிதத்தில் அவர் ஒரு கல்லைக் கற்பனை செய்கிறார். எறியப்பட்டுப் பறந்துகொண்டிருக்கும் கல்லுக்குத் திடீரென்று நினைவு வந்தால், தன் விருப்பத்தால்தான் பறக்கிறோம் என்று அது நம்பும். தன் ஆசை தெரியும், ஆசைக்குக் காரணம் தெரியாது. பாலுக்கு அழும் குழந்தையும், குடிவெறியில் உளறுபவரும், பழிவாங்கத் துடிக்கும் சிறுவனும் அப்படித்தான் நினைக்கிறார்கள். காரணமில்லாத விருப்பம் என்ற பொருளில் சுதந்திரம் யாருக்கும் இல்லை. ஆனால் வேறொரு சுதந்திரம் உண்டு: வெளியிலிருந்து தள்ளப்படாமல், தன் இயல்பைப் புரிந்துகொண்டு அதிலிருந்து செயல்படுவது. அது பிறப்போடு வருவதல்ல, உழைத்து அடைவது. ‘அறவியல்’ நூலின் பிற்பாதி முழுவதும் அந்த உழைப்பைப் பற்றியது.

உணர்ச்சிகளை அவர் கண்டிக்கவில்லை. கோடுகளையும் பரப்புகளையும் ஆராய்வது போல ஆராயப்போவதாகச் சொல்லித் தொடங்குகிறார். ஒவ்வொரு பொருளும் தன்னைத் தக்கவைத்துக்கொள்ள முனைகிறது. மனிதனிடம் அந்த முனைப்பு தன்னை உணரும்போது ஆசையாகிறது. நம் ஆற்றல் கூடும்போது மகிழ்ச்சி, குறையும்போது துயரம். இந்த மூன்றிலிருந்தே மற்ற எல்லாவற்றையும் கட்டுகிறார்: மகிழ்ச்சிக்கு ஒரு வெளிக்காரணம் இருப்பதாக எண்ணும்போது அது அன்பு, துயரத்துக்கு அப்படி எண்ணினால் வெறுப்பு, நடக்குமோ நடக்காதோ என்ற ஐயத்தோடு கூடிய மகிழ்ச்சி நம்பிக்கை, அதே ஐயத்தோடு கூடிய துயரம் அச்சம். மூன்றாம் பகுதியின் இறுதியில் இப்படி 48 வரையறைகள் தந்திருக்கிறார். பொறாமை ஏன் நெருங்கியவர்களிடமே கடுமையாக இருக்கிறது, வெறுத்தவர் அன்பு காட்டினால் வெறுப்பு எப்படி மாறுகிறது என்பவற்றை அவர் பிரித்துக் காட்டுவதைப் படிக்கும்போது, தனியறையில் வாழ்ந்த ஒருவர் மனிதர்களை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறாரே என்ற வியப்பு எழும்.

இவற்றிலிருந்து விடுபட மன உறுதி மட்டும் போதாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். ஓர் உணர்ச்சியை அதைவிட வலிய இன்னோர் உணர்ச்சிதான் வெல்லும்; வெறும் உபதேசம் வெல்லாது. ஆனால் ஓர் உணர்ச்சியின் காரணத்தைத் தெளிவாக அறிந்துகொள்ளும்போது, நம்மை ஆட்டுவித்த அதன் தன்மை மாறுகிறது. இழந்தது எப்படியும் இழக்கப்பட்டிருக்கும் என்று உண்மையாகவே புரிந்தவருக்குத் துயரம் தணிகிறது. எல்லாவற்றையும் அதன் காரணத்தொடரில் வைத்துக் காணும் அறிவு வளர வளர மகிழ்ச்சியும் வளர்கிறது. அந்த மகிழ்ச்சியையே கடவுள்மீதான அறிவார்ந்த அன்பு என்றார். அந்த அன்புக்குப் பதிலாகக் கடவுள் தன்னிடம் அன்பு காட்ட வேண்டும் என்று அதை உடையவர் எதிர்பார்க்கமாட்டார். சுதந்திரமான மனிதர் மரணத்தைப் பற்றி மிகக் குறைவாகவே நினைப்பார்; அவருடைய சிந்தனை வாழ்வைப் பற்றியது.

அரசும் அச்சமும்

1665 வாக்கில் ஸ்பினோசா ‘அறவியல்’ வேலையை நிறுத்திவைத்துவிட்டு இன்னொரு நூலைக் கையில் எடுத்தார். சமயத் தலைவர்கள் அரசைக் கைக்குள் கொண்டுவர முயன்றுகொண்டிருந்த நேரம். அவருடைய நண்பர் வட்டத்தைச் சேர்ந்த அட்ரியான் கூர்பாக், மதக் கோட்பாடுகளை விமர்சித்து டச்சு மொழியிலேயே எழுதியதற்காக 1668இல் பத்தாண்டு சிறைத்தண்டனை பெற்றார். அடுத்த ஆண்டே சிறையில் இறந்தார். படித்தவர்களின் லத்தீனில் எழுதியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். சாதாரண மக்களின் மொழியில் எழுதியதுதான் பெருங்குற்றமானது.

1670இல் ‘இறையியல்-அரசியல் ஆய்வுரை’ வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. அச்சிட்டது ஆம்ஸ்டர்டாமில் யான் ரியூவெர்ட்ஸ். முகப்பிலோ ஹாம்பர்க் நகரும் ஒரு பொய்யான பதிப்பாளர் பெயரும். ஸ்பினோசாவின் முத்திரை மோதிரத்தில் எச்சரிக்கை என்ற பொருளுள்ள லத்தீன் சொல் பொறிக்கப்பட்டிருந்தது, அதன்படியே நடந்தார். நூலை டச்சில் மொழிபெயர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அதை நிறுத்தும்படி நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

மனிதர்கள் எப்போதும் தங்கள் நிலையை ஆண்டுகொள்ள முடிந்தால் மூடநம்பிக்கைக்கு இடமிருக்காது என்பது அந்நூலின் தொடக்கக் கருத்து. கஷ்டம் வரும்போது அச்சத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவே ஊசலாடி, எதையும் நம்பத் தயாராகிறார்கள். அச்சம்தான் மூடநம்பிக்கையைப் பெற்று வளர்க்கிறது. கொடுங்கோலர்கள் அந்த அச்சத்துக்கு மதம் என்று பெயர் சூட்டி, மக்கள் தங்கள் அடிமைத்தனத்துக்காகவே உயிரைக் கொடுத்துப் போரிடும்படி செய்துவிடுகிறார்கள். ஸ்பினோசா எழுதிய அத்தனையையும் இணைக்கும் இழை இங்கேதான் கிடைக்கிறது. கடவுளைப் பற்றி எழுதினாலும், மனத்தைப் பற்றி எழுதினாலும், அரசைப் பற்றி எழுதினாலும் அவர் ஆராய்ந்தது ஒன்றையே: அச்சம் மனிதரை எப்படி ஆள்கிறது, அதிலிருந்து எப்படி வெளியே வருவது. நாட்டைவிட்டு ஓடிவந்த குடும்பத்தில் பிறந்து, அடைக்கலம் தந்த சமூகத்தாலும் விலக்கப்பட்டவருக்கு அது ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது.

நூலின் பெரும்பகுதி விவிலியத்தைப் பற்றியது. இயற்கையை ஆராய்வது போலவே வேதநூலையும் ஆராய வேண்டும் என்கிறார்: எந்த மொழியில், யார், எந்தக் காலத்தில், யாருக்காக எழுதினார்கள், அது எப்படித் தொகுக்கப்பட்டு நம் கைக்கு வந்தது? அப்படிப் பார்த்தால் விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமங்கள் முழுவதையும் மோசே எழுதியிருக்க முடியாது. அவருடைய மரணமே அவற்றில் விவரிக்கப்பட்டிருக்கிறது. பல நூற்றாண்டு கழித்து எஸ்ரா என்ற யூத வேத அறிஞர் தொகுத்திருக்கலாம் என்பது அவர் ஊகம். இன்று பல்கலைக்கழகங்களில் சாதாரணமாகக் கற்பிக்கப்படும் இந்த ஆய்வுமுறைக்கு அடித்தளமிட்ட நூல்களுள் இது முதன்மையானது. எபிரேயத்தை ஆழ்ந்து கற்ற ஒருவரால்தான் இதைச் செய்திருக்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேதத்தின் உண்மைச் செய்தி எளியது என்றார்: நீதியாக இரு, அயலானை நேசி. அதற்கு மேல் தத்துவத்தையோ அறிவியலையோ அதில் தேட வேண்டாம்.

இருபது அத்தியாயங்கள் கொண்ட நூலின் கடைசி அத்தியாயம் கருத்துச் சுதந்திரத்துக்கானது. அவருடைய வாதம் அரசின் பெருந்தன்மையைக் கெஞ்சிக் கேட்பதல்ல. ஒருவர் விரும்பினாலும் தன் சிந்திக்கும் உரிமையை இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியாது. ஆகவே எண்ணத்தை ஆள முயலும் அரசு, முடியாத காரியத்தில் இறங்குகிறது. அதன் விளைவு பாசாங்கும் துரோகமும்; நேர்மையானவர்களே முதலில் தண்டிக்கப்படுவார்கள். அரசின் நோக்கம் மக்களை அஞ்சச் செய்து அடக்குவது அல்ல, அவர்களை அச்சத்திலிருந்து விடுவிப்பது. அரசமைப்புகளில் மக்களாட்சியே இயற்கைக்கு மிக நெருங்கியது என்றும் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் இப்படி வெளிப்படையாக மக்களாட்சியை ஆதரித்த தத்துவவாதிகள் மிகச் சிலர். இங்கே ஒரு குறையையும் குறிப்பிட்டாக வேண்டும். கடைசியாக எழுதத் தொடங்கிய ‘அரசியல் ஆய்வுரை’யில் மக்களாட்சி பற்றிய அத்தியாயம் தொடக்கத்திலேயே நின்றுபோனது, எழுதிய சில பக்கங்களில் பெண்களை ஆட்சியுரிமையிலிருந்து விலக்கியிருக்கிறார். எந்த வழக்கத்தையும் காரணம் கேட்காமல் ஏற்காதவர், இந்த ஒன்றில் தன் காலத்து வழக்கத்தையே காரணமாக்கிவிட்டார்.

நூல் யாருடையது என்பது விரைவில் கசிந்தது. 1674இல் ஹாலந்து நீதிமன்றம் அதை ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸின் ‘லெவயதான்’ நூலோடு சேர்த்துத் தடைசெய்தது. அதற்குள் அவர் நம்பிய குடியரசே ஆட்டம் கண்டிருந்தது. 1672இல் பிரெஞ்சுப் படை உள்ளே புகுந்தது. ஆகஸ்ட் 20 அன்று ஹேக் நகரில், குடியரசை வழிநடத்திய யான் டெ விட்டையும் அவர் சகோதரரையும் ஒரு கும்பல் இழுத்துக் கொன்று உடல்களைச் சிதைத்தது. கொலைகாரர்களைக் காட்டுமிராண்டிகளிலும் கடையவர்கள் என்று எழுதிய அட்டையை அந்த இடத்திலேயே வைக்க ஸ்பினோசா கிளம்பினார். அவரும் கொல்லப்படுவார் என்று அஞ்சி வீட்டுக்காரர் கதவைப் பூட்டிவிட்டார். இதை ஸ்பினோசாவின் வாயாலேயே கேட்டு எழுதிவைத்தவர் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ். உணர்ச்சிகளைக் கோடுகளைப் போல ஆராய்ந்தவரின் சினம் வெடித்த தருணம் அது.

1673இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. சிந்திக்க முழுச் சுதந்திரம் உண்டு, நிலைபெற்ற மதத்தைக் குலைக்க அதைப் பயன்படுத்தமாட்டார் என்ற நம்பிக்கையோடு, என்றது அழைப்பு. அந்த எல்லை எங்கே தொடங்குகிறது என்று தனக்குத் தெரியவில்லை, கற்பிக்கப் போனால் ஆராய்ச்சிக்கு நேரமிருக்காது என்று பணிவாக மறுத்தார். 1675இல் ‘அறவியல்’ நூலை அச்சிட ஆம்ஸ்டர்டாம் போனவர், இறையியலாளர்கள் புகார் கொடுக்கக் காத்திருப்பதை அறிந்து கையெழுத்துப் பிரதியோடு திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு லைப்னிட்ஸ் ஹேக்குக்கு வந்து அவரோடு பலமுறை பேசினார். பின்னாளில் அந்தப் பழக்கத்தைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நீண்டநாள் நுரையீரல் நோய் முற்றி, 1677 பிப்ரவரி 21 ஞாயிற்றுக்கிழமை ஸ்பினோசா இறந்தார். கண்ணாடித் தூள் அந்நோயை வளர்த்திருக்கக்கூடும். சுமார் 160 புத்தகங்கள், லென்ஸ் தேய்க்கும் கருவிகள், சில உடைகள் என்று சொத்துப் பட்டியல் முடிந்துவிட்டது. உரிமை கோரி வந்த சகோதரி ரெபெக்கா, கடன் போக எதுவும் மிஞ்சாது என்று தெரிந்ததும் விலகிக்கொண்டார். ஆனால் ஒரு மேசை இருந்தது. ஸ்பினோசா சொல்லிவைத்தபடி, வீட்டுக்காரரான ஓவியர் ஹென்ட்ரிக் ஃபான் டெர் ஸ்பைக் அதை ஆம்ஸ்டர்டாமுக்குப் பதிப்பாளர் ரியூவெர்ட்ஸுக்கு அனுப்பிவைத்தார். உள்ளே கையெழுத்துப் பிரதிகள். நண்பர்கள் இரவு பகலாக உழைத்து, அதே ஆண்டின் இறுதியில் லத்தீனிலும் டச்சிலும் அவற்றை வெளியிட்டார்கள். ஆசிரியர் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் மட்டும். 1678இல் அரசு அதையும் தடைசெய்தது.

‘அறவியல்’ நூலின் ஒரு கைப்பிரதி அவர் வாழ்ந்தபோதே நண்பர்கள் வழியாக இத்தாலிக்குப் போயிருந்தது. ஒரு காலத்தில் ஸ்பினோசாவுக்கு அறிமுகமானவரும் பின்னர் கத்தோலிக்கரானவருமான டேனிஷ் அறிஞர் நிக்கோலாஸ் ஸ்டெனோ, அது கைக்குக் கிடைத்ததும் புகார்க் கடிதத்தோடு ரோமின் சமய விசாரணை அலுவலகத்தில் ஒப்படைத்தார். மூன்று நூற்றாண்டுக்கு மேல் ரோமிலேயே கிடந்த அந்தப் பிரதி 2010இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டறியப்பட்டது. இன்று உலகில் எஞ்சியிருக்கும் ‘அறவியல்’ கையெழுத்துப் பிரதி அது ஒன்றே. அழிக்கப்பட வேண்டிய நூல் என்று ஒப்படைக்கப்பட்டதால்தான் அது பிழைத்தது.

ஏறக்குறைய நூறாண்டுகள் ஸ்பினோசியர் என்பது ஏசலாகவே இருந்தது. நாத்திகரும் ஒழுக்கமாக வாழ முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பியேர் பெய்ல் தன் அகராதியில் அவரைப் பற்றி விரிவாக எழுதியது, கண்டிப்பதற்காக என்றாலும், பலரை அவரிடம் கொண்டுசேர்த்தது. 1785இல், எழுத்தாளர் லெஸ்ஸிங் சாகுமுன் தன்னை ஸ்பினோசியர் என்று ஒப்புக்கொண்டதாகத் தத்துவவாதி யாக்கோபி வெளியிட்ட செய்தி ஜெர்மனியைக் கலக்கியது. அந்த விவாதத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. கதே அவரைக் கொண்டாடினார். நாத்திகர் என்று ஏசப்பட்டவரைக் கவிஞர் நோவாலிஸ் கடவுளில் தோய்ந்தவர் என்றார். தத்துவத்தின் தொடக்கம் ஸ்பினோசாதான் என்ற அளவுக்கு ஹெகல் மதித்தார். இங்கிலாந்தில், நாவலாசிரியராக அறியப்படும் முன்பே ஜார்ஜ் எலியட் ‘அறவியல்’ முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1856இல் முடித்தார். அது அச்சேற 1981 வரை காத்திருக்க நேர்ந்தது.

ரைன்ஸ்பர்க் வீடு இப்போது அருங்காட்சியகம். 1920இல் அங்கே வந்து பார்வையாளர் ஏட்டில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஐன்ஸ்டீன். கடவுளை நம்புகிறீர்களா என்று நியூயார்க் ரபி ஒருவர் 1929இல் தந்தி கொடுத்துக் கேட்டபோது, உலகின் ஒழுங்கில் வெளிப்படும் ஸ்பினோசாவின் கடவுளை நம்புவதாகவும், மனிதரின் விதியிலும் செயல்களிலும் தலையிடும் கடவுளை நம்பவில்லை என்றும் பதில் அனுப்பினார். அண்மைக் காலத்தில் நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோ 2003இல் ஸ்பினோசாவைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். உணர்ச்சி என்பது உடல் தன்னைத் தக்கவைத்துக்கொள்ளும் வேலையின் ஒரு பகுதி, மனம் என்பது முதன்மையாக உடலைப் பற்றிய அறிதல் என்று மூளை ஆய்வுகளிலிருந்து தான் எட்டிய முடிவுகள், ‘அறவியல்’ நூலின் இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் முன்னரே கோடிட்டுக் காட்டப்பட்டிருப்பதாக அதில் வாதிடுகிறார்.